தோல் நோய்க்கு நாட்டு மருந்தும் சித்தாவும் எண்ணெயும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சொரியாசிஸ், கரப்பான், வெண்புள்ளி என்று வருடக்கணக்கில் இழுக்கும் தோல் நோய் வந்தால் யாரும் ஒரே மருத்துவரோடு நிற்பதில்லை. பச்சிலை, பொட்டலப் பொடி, தைலம், அருவிக் குளியல் என்று ஒரு சுற்று வருவார்கள். சுற்றுவதைத் தடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எதைப் பயமில்லாமல் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கேள்வி வந்த மாதிரியே தொகுத்திருக்கிறோம்.

1. "எல்லாமே அரிப்புதானுங்களே, ஒரே நாட்டு மருந்து போதாதா?"

போதாது. அரிப்பு ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கும் நோய்கள் வேறு வேறு. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் தடித்துச் சிவந்த திட்டும் அதன்மேல் வெள்ளி நிறச் செதிலும் இருந்தால் பெரும்பாலும் சொரியாசிஸ், சித்தத்தில் காளாஞ்சகப்படை. கை, கால் மடிப்புகளில் நீர் கசிந்து, பிறகு கருத்துத் தடித்தால் எக்சிமா. ஊரில் கரப்பான் என்பார்கள். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் நடுப்பகுதி தெளிந்து ஓரம் மட்டும் வட்டமாகப் பரவினால் படர்தாமரை, அது பூஞ்சை. விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் இருந்தால் சிரங்கு, அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. திடீரென்று தடித்து ஒரு நாளைக்குள் தடம் தெரியாமல் மறைந்து வேறு இடத்தில் கிளம்புவது காணாக்கடி.

படர்தாமரைக்கும் சிரங்குக்கும் மாற்று வழி தேடி நாளைக் கடத்த வேண்டாம், நேரடி மருந்து இருக்கிறது. சிரங்கு என்றால் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமை இரவில் கழுத்து முதல் பாதம் வரை, நக இடுக்கு உட்பட, தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் அரிப்பு இல்லாதவரும் சேர்த்து எல்லோரும் ஒரே இரவில் போட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் எந்தத் தைலமும் வாங்குவதற்கு முன் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

2. "தேமல் மாதிரி வெளுத்துக் கெடக்குது, அரிப்பே இல்லைங்க. எண்ணெய் போட்டா போயிருமா?"

முதலில் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்து நல்ல தோலையும் மாறி மாறித் தொடட்டும். திட்டில் மட்டும் தொடுவது தெரியவில்லை, சூடு உறைக்கவில்லை, முடி உதிர்ந்திருக்கிறது, வியர்வை வரவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கூட்டு மருந்து தருகிறார்கள், 6 அல்லது 12 மாதத்தில் முடிந்துவிடும். இதில் தைலத்துக்கு வேலையே இல்லை. கழியும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்குச் சேதம்.

3. "சொரியாசிஸை வேரோட அறுத்துருவோம்னு போர்டு வச்சிருக்காங்களே, நெசமா?"

வேரோடு அறுக்க முடியாது. சொரியாசிஸ் அடங்கும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தடமே இல்லாமல் இருக்கும். பிறகு தொண்டைப் புண், மனக் கவலை, தோல் உரசிய காயம், மார்கழிக் குளிர், குடி, சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிடும். ஆங்கில மருந்தானாலும் சித்தாவானாலும் இதுதான் நிலைமை. தானாக அடங்கும் காலத்தில் யார் மருந்து கொடுத்திருந்தாலும் அவர் கெட்டிக்காரராகத் தெரிவார்.

போர்டு விஷயத்தில் சட்டமும் உண்டு: வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது; அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வெண்புள்ளியின் பெயரே இருக்கிறது. போர்டில் "100 சதவீத உத்தரவாதம்" என்று போட்டிருந்தால் அந்தப் படி ஏறாமல் வருவதே நல்லது.

4. "சித்தா பாக்கணும்னா எங்க போறதுங்க? போற எடம் நல்ல எடம்னு எப்படி தெரியும்?"

அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர் ஐந்தரை ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்தவர். மருந்துக்குக் காசு இல்லை. தனியாரிடம் போனால் பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில்.

பாட்டிலில் மருந்தின் பெயர், சேர்மானம், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். நச்சுப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த உள்மருந்து என்றால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. நாளிதழில் மடித்த பொடிக்கும் பெயர் ஒட்டாத டப்பாவுக்கும் இவை எதுவும் இருக்காது. அதைப் பற்றி 13-ஆம் கேள்வியில்.

5. "வெட்பாலை எண்ணெய் வீட்டுலயே காய்ச்சலாமுங்களா? கடையில வெலை ஜாஸ்தி."

காய்ச்சக் கூடாது, வெயிலில் வைக்க வேண்டும். வெட்பாலை நம் பக்கத்துக் காடுகளில் தாராளமாக இருக்கும் மரம். எல்லை தாண்டினால் சென்னபட்டணத்து மரப் பொம்மைகள் இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. இலை எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும், காய் இரட்டையாக நீண்டு தொங்கி நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலை, ஏழிலைப்பாலை என்று வேறு பாலைகளும் உண்டு. மரம் தெரிந்தவர் காட்டாமல் பறிக்க வேண்டாம்.

முற்றாத பச்சை இலை 100 கிராம். கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரம் ஈரம் போக விடுங்கள். கையால் கிள்ளி, வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, செக்குத் தேங்காய் எண்ணெய் 250 மில்லி ஊற்றுங்கள். இலை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். வாயை மெல்லிய துணியால் கட்டி நல்ல வெயிலில் வையுங்கள், மாலையில் உள்ளே எடுத்து வையுங்கள். ஓரிரு நாளில் ஓரத்தில் ஊதா படரும், ஐந்து முதல் ஏழு நாளில் எண்ணெய் முழுக்கக் கருநீலமாகும். பிழியாமல் வடிகட்டுங்கள். பிழிந்தால் இலைச்சாறு இறங்கிப் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய் நிறம் மாறாமல் இருந்தால் மூன்று காரணம்: வேறு மரத்து இலை, மேகமூட்டம், அல்லது ஏற்கெனவே வாடிய இலை. மேலே பூஞ்சை படர்ந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், அப்படியே கொட்டிவிடுங்கள்.

குளித்துத் துடைத்த பிறகு செதில் திட்டின்மேல் மட்டும் மெல்லிய பூச்சாக ஒரு நாளைக்கு இரண்டு முறை. துணியிலும் தலையணை உறையிலும் கறை விழும், பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும்: செதில் இளகி உதிரும், இழுப்பும் அரிப்பும் குறையும். தடித்த பழைய திட்டை இது மட்டும் கரைப்பது அரிது. நீர் கசியும் கரப்பானிலும் படர்தாமரையிலும் தடவ வேண்டாம். தலையில் எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் பொடுகு இருப்பவருக்கு எந்த எண்ணெயும் எதிரி. பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அதுதான் தீனி.

6. "புதுசா ஒரு எண்ணெயோ பத்தோ போடறதுக்கு முன்னாடி ஒத்துக்குமான்னு பாக்க வழி இருக்குதுங்களா?"

இருக்கிறது, செலவும் இல்லை. முன்கையின் உட்பக்கம், நோய் இல்லாத தோலில், ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஏழு நாள் தடவுங்கள். அரைத்த பச்சிலை என்றால் நோய்க்கு எவ்வளவு நேரம் போடப் போகிறீர்களோ அவ்வளவு நேரமே வைத்துக் கழுவுங்கள். சிவப்பு, பொரி, அரிப்பு எதுவும் இல்லாவிட்டால் நோயுள்ள இடத்தில் தொடங்கலாம். ஒரே இரவு போட்டுப் பார்த்து "ஒன்னும் ஆகலை" என்பது சோதனை ஆகாது. ஒவ்வாமை எழச் சில நாள் பிடிக்கும்.

7. "வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி, பூண்டு... இதெல்லாம் இயற்கைதானே, என்ன ஆயிரப் போகுது?"

எருக்கும் இயற்கைதான். எருக்கம்பால் தோலை வேக வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் சில மணி நேரத்தில் தீக்காயம் போலக் கொப்புளம் எழும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நின்றால் கருப்புத் தழும்பு விழும், மாதக்கணக்கில் போகாது. இந்த மூன்றையும் அறவே விடுங்கள்.

வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய நீரில் குளிப்பது பலருக்கு ஒத்துக்கொள்ளும். இலையை அரைத்துக் காய்ந்த தோலில் பூசினால் இன்னும் காயும், எரியும். மஞ்சளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு, குங்குமம் வைக்கும் இடத்தில் அரிப்பவர்கள் கவனமாக இருக்கவும். சோற்றுக் கற்றாழையை வெட்டியதும் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடிய விட்டு, சோற்றை நாலைந்து முறை அலசியபின் பூசுங்கள். அந்த மஞ்சள் பால்தான் எரிக்கிறது. குப்பைமேனியை மேலே பூசுவதோடு நிறுத்துங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர் அதை உள்ளுக்குச் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கருத்துப் போகும்.

8. "எங்க போர் தண்ணியில குளிச்சாலே அரிக்குதுங்க. புளோரைடுனாலயா?"

புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தோல் அரிப்புக்கு அதைப் பழி சொல்ல முடியாது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் தோலில் படியும், அலசினாலும் போகாது, வறண்ட தோலை அது அரிக்க வைக்கும்.

அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் கருவியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் எக்சிமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் அதைப் பொருத்தி ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் பயன் தெரியவில்லை. சோப்பை மாற்றுவது மலிவு. கட்டிச் சோப்புக்குப் பதில் சோப்பு சேராத க்ளென்சர், அல்லது நைஸாக அரைத்த பச்சைப்பயறு மாவு. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியுங்கள். நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கடைசி இரண்டு செம்பு ஆற்றுத் தண்ணீராக இருந்தால் நல்லது. துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள், வெள்ளை வாசலினோ சுத்தமான தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். உடம்பு முழுக்க வறண்ட பெரியவர் ஒருவருக்கு வாரம் 250 கிராமுக்குக் குறையாமல் பூச்சு தேவைப்படும்; சின்ன டியூப் வாங்கி மிச்சம் பிடிப்பதால்தான் பாதிப் பேருக்குப் பலிப்பதில்லை. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரில் குளிக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

9. "ஒகேனக்கல்ல எண்ணெய் தேச்சு அருவியில நின்னா தோல் நோய் போயிருமுங்களா?"

நோய் போகாது, ஆனால் காய்ந்த செதில் ஊறி உதிரும், மனசு லேசாகும். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பிரச்சினை வேறு இடத்தில். மசாஜில் கை அழுந்தித் தேய்த்தால் சொரியாசிஸ் உள்ளவருக்கு உரசிய இடத்திலெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் புதுத் திட்டு முளைக்கலாம். திட்டுகளை விட்டு மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள், எண்ணெயை நீங்களே கொண்டு போங்கள். வெடிப்பும் கசிவும் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். கரையேறியதும் உடம்பை அலசிவிட்டு 8-இல் சொன்ன பூச்சு.

10. "வயக்காட்டுக்குப் போனா மூஞ்சி, கண்ணு, கழுத்தெல்லாம் தடிச்சு எரியுது. ரெண்டு வருசமா சித்தா, ஆங்கிலம் எல்லாம் பாத்தாச்சு."

இந்தக் கேள்விதான் எங்களுக்கு அதிகம் வருகிறது, இதில்தான் வீண் செலவும் அதிகம். முகம், கண் இமை, கழுத்தின் முன்பக்க வி வடிவம், காது மடல், முழங்கை மடிப்பு ஆகியவை பாதித்து, சட்டை மூடிய முதுகும் வயிறும் தப்பித்திருந்தால் பார்த்தீனியம் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். காங்கிரஸ் செடி என்றும் சொல்வார்கள். 1950-களில் இந்தியாவில் பரவத் தொடங்கிய அமெரிக்கக் களை இது. செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து வியர்த்த தோலில் ஒட்டினாலே போதும். நாளாக ஆக வெயில் பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சாமந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி எல்லாம் இதே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத பலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது. சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்களுக்கு விரல் நுனி வெடித்துக் கண் இமை தடிப்பதற்கு இது ஒரு காரணம். நாட்டு மருந்தில் சேரும் கரிசலாங்கண்ணியும் வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பம்தான். "பச்சிலை போட்டதும் கூடிருச்சு" என்பவர்கள் போட்டது எது என்று பாருங்கள். தோல் மருத்துவரிடம் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் தெளிவாகிவிடும்: ஒட்டி 48 மணி நேரம், அதன்பின் இரண்டு முறை பார்ப்பார்கள்.

மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்குவது ஒவ்வாமை இல்லாதவராக, கையுறை போட்டவராக இருக்கட்டும். பயிர் இல்லாத வரப்பு, சாலையோரத்தில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துச் சோப்பு நீர் சேர்த்துத் தெளித்தால் செடி கருகும். நிலத்துக்குள் தெளித்தால் மண் கெடும். நோயாளி முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டோடு போய், வந்ததும் குளித்து அந்தத் துணியைத் தனியாக ஊறப் போட வேண்டும். துணியை வெளியே கொடியில் காயப் போட்டால் தூள் மறுபடி ஏறும். இது எதையும் மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

11. "மாங்கா சீசன்ல மட்டும் கை, வாயெல்லாம் பொரியுதுங்க."

காம்பு ஒடித்ததும் பீய்ச்சும் பால்தான் காரணம். காம்போடு வெட்டி, தலைகீழாக வைத்துப் பாலை வடிய விடுங்கள், பட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இவர்கள் சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகளிடம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; மாமரமும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம், எரிப்பதும் ஒத்த சரக்குதான். சித்த மருத்துவரிடம் மாம்பால் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12. "கத்திரிக்கா, கருவாடு, கம்பு, ராகி... எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க. அப்ப என்னத்தத்தான் தின்றது?"

கரப்பான் பண்டம் என்று சித்தத்தில் ஒரு பட்டியல் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது, உடம்பும் இளைக்கும். சந்தேகப்படும் ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள், மறுபடி மூன்று நாள் சாப்பிடுங்கள். நிறுத்தியபோது குறைந்து, சாப்பிட்டபோது கூடினால் அதை விடுங்கள். இல்லையென்றால் கத்தரிக்காய்க் குழம்பு கத்தரிக்காய்க் குழம்பாகவே இருக்கட்டும். சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு இழுத்திருந்தால் மட்டும் அந்தப் பொருளை வீட்டில் திரும்பச் சோதிக்கக் கூடாது. ராகிக் களியைக் காரணமில்லாமல் நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. சொரியாசிஸில் உறுதியாகப் பலன் தருபவை இரண்டு: எடை கூடியவர் குறைப்பது, குடியையும் பீடியையும் விடுவது.

13. "ஒருத்தர்கிட்ட பொட்டலப் பொடி வாங்கினேன். பத்து வருச அரிப்பு மூணே நாள்ல போச்சு. அப்படியே சாப்பிடலாமுங்களா?"

மூன்று நாளில் போனதுதான் பயப்பட வேண்டிய விஷயம். மூலிகை உள்மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்யாது; ஸ்டீராய்டு செய்யும். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாத்திரைகளைப் பொடித்துக் கலப்பது பழைய தந்திரம். அடையாளம் பாருங்கள்: பசி கூடுதல், முகம் உருண்டையாதல், இரண்டு மாதத்தில் எடை ஏறுதல், புதிதாகச் சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், தொடையிலும் வயிற்றிலும் சிவந்த கோடுகள், ஒரு வேளை தவறினால் அடுத்த நாளே அரிப்பு திரும்புதல்.

மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் பயத்தில் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தியிருக்கும்; திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல் வரும். சொரியாசிஸ் உள்ளவருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க் கொப்புளமாக வெடிக்கும். மீதிப் பொடியோடு அரசு மருத்துவமனைப் பொது மருத்துவரைப் பாருங்கள். காலை 8 மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை நிலைமையைச் சொல்லும். அளவு கட்டிப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் "அரிப்பு க்ரீம்" டியூபும் இதே கதைதான். க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்ததைப் படர்தாமரையில் போட்டால் மேலே அடங்கி உள்ளே பரவும், வட்டம் கலைந்து எந்த மருத்துவருக்கும் அடையாளம் தெரியாத உருவில் நிற்கும். 2018-இல் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். கடையில் கேட்டால் இன்றும் கொடுக்கிறார்கள்.

14. "சித்த மருந்துல பாதரசம் இருக்குதாமே?"

சில மருந்துகளில் இருக்கிறது; ரசகந்தி மெழுகு என்ற உள்மருந்தின் பெயரிலேயே ரசம், அதாவது பாதரசம். கந்தக ரசாயனம், பறங்கிப்பட்டைச் சூரணம் போன்றவற்றில் பாதரசம் சேர்வதில்லை. முறைப்படி நச்சு நீக்கி (சுத்தி செய்து), அளவோடு, குறித்த நாளுக்கு மட்டும் படித்த மருத்துவர் கொடுப்பது ஒன்று. யாரோ கொடுத்த மெழுகை ஆறு மாதம் உருட்டி விழுங்குவது வேறு. உலோகம் சேர்ந்த உள்மருந்து என்றால் தொடங்கும் முன்பும் மாதம் ஒருமுறையும் சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை பாருங்கள். சிறுநீர் நுரைத்தாலோ காலையில் முகம் வீங்கினாலோ அன்றே நிறுத்துங்கள். உள்ளங்கையில் மரு போலச் சிறு முடிச்சும் மேலுடம்பில் மழைத்துளி போன்ற கரும்புள்ளியும் நாள்பட்ட ஆர்செனிக் நஞ்சின் அடையாளம். சிறுநீரகம் ஏற்கெனவே பாதித்தவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தை ஆகியோர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

15. "மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடறேன். கூடவே சித்தாவும் எடுத்தா சீக்கிரம் நல்லாகுமா?"

மேல்பூச்சுத் தைலம் சேர்க்கலாம், 6-ஆம் கேள்விச் சோதனையோடு. உள்மருந்து வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. எதிர்ப்பு சக்திக்கு என்று குடிக்கும் சீந்தில் கஷாயத்தால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து கல்லீரல் கெட்டால் எதை நிறுத்துவது என்றுகூடத் தெரியாது. இன்னொன்று: சொரியாசிஸுக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

16. "சொரியாசிஸோட வெரல் மூட்டும் வீங்குது, காலையில கை மடக்க முடியல. வாதத்துக்கு தைலம் தடவறோம்."

தடவுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். நகத்தில் ஊசி குத்திய மாதிரிக் குழிகள், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுக்க வீங்குவது, குதிகால் வலி ஆகியவை சொரியாசிஸ் மூட்டு நோய். தோல் திட்டு தழும்பில்லாமல் மறையும். சிதைந்த மூட்டு திரும்ப வராது. மாற்று வழிக்குக் காத்திருக்க முடியாத இடங்களில் இது ஒன்று.

17. "மருந்து ஆரம்பிச்சதும் ஜாஸ்தியாச்சு. வெஷம் வெளிய வருது, பொறுத்துக்கங்கன்னு சொல்றாங்க."

மருந்து ஒத்துக்கொள்ளாமல் கூடினாலும், நோய் தானாகக் கூடினாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் இந்த வாக்கியத்தைச் சொல்பவர் எப்போதும் தப்பித்துவிடுவார். முதல் வாரத்தில் லேசான வறட்சி, செதில் உதிர்வு என்றால் பொறுக்கலாம். உடம்பின் பெரும்பகுதி சிவந்து சூடாகி நடுக்கம் எடுத்தால், காய்ச்சலோடு சீழ்க் கொப்புளம் வந்தால், வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தால், கண் மஞ்சளித்துச் சிறுநீர் கருத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வதும் இப்படித்தான்: திடமானவருக்கு ஒரு நாள் சோர்வோடு போகும், சர்க்கரை மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதானவரைச் சாய்த்துவிடும்.

18. "வெண்புள்ளிக்கு கார்போக அரிசி அரைச்சுப் போட்டு வெயில்ல நிக்கச் சொல்றாங்க."

இதில் அறிவியல் இருக்கிறது, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கார்போக அரிசியில் உள்ள சோரலன் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நவீன மருத்துவத்திலும் சோரலன் கொடுத்து ஒளி பாய்ச்சும் முறை உண்டு. அங்கே மருந்தும் ஒளியும் அளந்து தரப்படும். வீட்டில் அரைத்த விழுதில் எவ்வளவு சோரலன் என்று யாருக்கும் தெரியாது, நம் ஊர்ப் பங்குனி வெயிலோ அளவே இல்லாதது. பத்து நிமிடத்தில் கொப்புளம் கண்டவர்கள் உண்டு. வெந்த இடத்தில் வெண்புள்ளி இன்னும் பரவும். தோல் பிரிவில் வாரம் இரண்டு மூன்று நாள் தரும் 311 நானோமீட்டர் ஒளி சிகிச்சைக்கு எந்த விழுதும் பூச வேண்டியதில்லை.

19. "கொழந்தைக்கு கரப்பான். வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு உள்ளுக்குக் குடுக்கலாமுங்களா, பெரியவங்க சொல்றாங்க."

கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளே போனால் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகும். கரப்பான் குழந்தைக்கு 8-இல் சொன்ன குளியலும் பூச்சும்தான் பாதி மருத்துவம். நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தித் துணி போடுங்கள். ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது. தேங்காய் எண்ணெய் பரவாயில்லை.

20. "தைலமும் மாத்திரையும் ஒன்னாவே ஆரம்பிச்சேன், நல்லாவும் ஆயிருச்சு. எது வேலை செஞ்சுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

இப்போது கண்டுபிடிக்க முடியாது; அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறோம். இனி இப்படிச் செய்யுங்கள். உங்கள் கையளவு, விரல்களும் சேர்த்து, உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். எத்தனை கையளவு திட்டு என்று எழுதுங்கள். அரிப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுங்கள். ஞாயிறுதோறும் ஒரே ஜன்னல் பக்கத்தில் ஒரே தூரத்தில் போனில் படம் எடுங்கள். எரியும் தன்மையுள்ளதோ, விலை கூடியதோ எதுவோ அதை முதலில் நிறுத்தி நான்கு வாரம் பாருங்கள். ஆங்கில மாத்திரையையும் ஸ்டீராய்டு க்ரீமையும் மட்டும் இந்தச் சோதனைக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம், பயன்படுத்தும் தைலத்தின் பாட்டிலையும் மேசைமேல் வைத்துக் கேளுங்கள். திட்டுவார் என்று மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புது மேல்பூச்சுக்கு எட்டு வாரம், உள்மருந்துக்கு மூன்று மாதம் கெடு வையுங்கள். அதற்குள் கையளவு பாதியாகக் குறையவில்லை என்றால் அது உங்களுக்கான மருந்து இல்லை. பருவத்தையும் கணக்கில் எடுங்கள்: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தையில் கூடிய சொரியாசிஸ் மாசி, பங்குனியில் தானாகவே இறங்கும். தையில் தொடங்கிய மருந்து பங்குனியில் பலித்தது போலத் தெரிந்தால், அடுத்த மார்கழியில் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.